கற்பூரம் ஏற்றிய குண்டு

நான் வரைந்த படங்களில் ஒன்றே ஒன்றை நினைத்துத்தான் இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். கோடு நன்றாகத்தான் விழுந்திருந்தது. அளவும் சரிதான். படத்துக்குக் கீழே நான் எழுதிய நாலு சொல்தான் என் மானத்தை வாங்கியது. "வழிபாட்டுப் பொருள். மிகப் பழையது."

பெரிய யுத்தம் முடிந்த அடுத்த வருடம் அது. பதுளைக் கடைவீதியில் என் வாப்பாவுக்குப் பாத்திரக் கடை. செம்பும் பித்தளையும் கூரை முட்ட அடுக்கி வைத்திருப்பார். எனக்குக் கடையில் நிற்கப் பிடிக்காது. வாங்க வருகிறவர்கள் ஒரு சட்டியைப் பத்துத் தடவை தட்டிப் பார்ப்பார்கள். எனக்கு மூன்றாவது தட்டிலேயே கோபம் வந்துவிடும். கொஞ்சம் இங்கிலீஷும் படம் போடும் கையும் இருந்த தைரியத்தில், பழைய கட்டிடங்களைத் தோண்டிப் பார்க்கும் வெள்ளைக்காரர் ஒருவரிடம் கிளாக்கராகச் சேர்ந்தேன். கிடைக்கும் பொருளை வரைந்து புத்தகத்தில் பதிய வேண்டும். அவர் சொல்வதை ஆட்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். இரண்டிலும் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று மனதுக்குள் ஒரு நினைப்பு.

பதுளையிலிருந்து பண்டாரவளை போகும் வழியில் ஒரு தேயிலைத் தோட்டம். அதன் மேல் எல்லையில் தேயிலை முடிந்து பத்தனை தொடங்கும். பத்தனை என்றால் மரம் மட்டை இல்லாமல் மானாப்புல் மட்டும் மண்டிக்கிடக்கும் மலைச்சரிவு. அந்த எல்லையில் ஒரு செங்கல் மேடு இருந்தது. பழைய காலத்துக் கட்டிடம் ஏதோ மண்ணுக்குள் கிடக்கிறது என்று எங்கள் வெள்ளைக்காரருக்கு மூக்கில் வியர்த்தது. தோட்டத்துப் பெரிய தொரை இருபது ஆட்களையும் ஒரு கங்காணியையும் இரவலாகக் கொடுத்தார். மேட்டுக்கு மேலே பன்னிரண்டு காம்பரா, அதாவது ஒற்றை அறை வீடுகள், வரிசையாகக் கொண்ட லயம் ஒன்று. ஆட்கள் எல்லாரும் அந்த லயத்துக்காரர்கள்தான். எங்கள் வெள்ளைக்காரருக்கு முதல் நாளே 'குழி தொரை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பிறகு நான் குழிக் கிளாக்கர் ஆனேன்.

பிறகு என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வேலை தொடங்கியபோது நான் காய்ச்சலில் கிடந்தேன். முதல் இரண்டு வாரம் தோட்டத்துக் கணக்கப்பிள்ளைதான் குழி தொரையின் பேச்சைத் தமிழில் சொன்னாராம். நான் போய்ச் சேர்ந்த அன்று மேட்டின் கிழக்கு மூலையில், கொய்யா மரத்தடியில், ஒரு சாமி நின்றுகொண்டிருந்தது. அரைச் சாண் உயரம். உருண்டை உடம்பு, தட்டையான தலை. தலையில் கற்பூரம் எரிந்த கரி. உடம்பு முழுக்க எண்ணெயும் மஞ்சளும் குங்குமமும் அப்பி, அடியில் என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை.

"இது எப்ப வந்தது?" என்று கங்காணியைக் கேட்டேன்.

"ஆதியில இருந்தே இருக்குங்க ஐயா. பாட்டன் பூட்டனுக்கும் முந்தின சாமி."

இதைச் சொன்னபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை; தேயிலையைப் பார்த்துச் சொன்னார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. தொட்டுப் பார்க்காமல், சுரண்டிப் பார்க்காமல், உட்கார்ந்து வரைந்தேன். அடுத்தவர் சாமியை முஸ்லிமாகிய நான் சுரண்டுவது மரியாதை இல்லை என்று குழி தொரையிடம் சொன்னேன். அது உண்மைதான். சொல்லாமல் விட்ட இன்னொரு உண்மையும் உண்டு. குங்குமம் விரலில் ஒட்டினால் காகிதம் பாழாகிவிடும், கை கழுவ ஓடைக்கு இறங்க வேண்டும், எனக்குச் சோம்பல். குழி தொரை என் படத்தைப் பார்த்துப் பூரித்துப் போனார். அன்றைக்கே கொழும்புக்குக் கடிதம் எழுதினார்.

தினமும் காலையில் பெரட்டில் பேர் கூப்பிட்டு வேலை பிரித்து முடிந்து ஆட்கள் குழிக்கு வருமுன், ஒருத்தி மட்டும் தனியாக வந்து அந்தச் சாமியின் தலையில் கற்பூரம் ஏற்றுவாள். மண் சுமக்கிற பெண். வயிற்றில் ஆறேழு மாதம். கூடையை இறக்கி வைத்துவிட்டு, முந்தானையில் முடிந்திருக்கும் கற்பூரத்தை எடுத்து வைத்துக் கொளுத்தி, அது அணையும்வரை அசையாமல் நிற்பாள். நான் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து ஓட்டுத்துண்டுகளுக்கு எண் போட்டுக்கொண்டிருப்பேன்.

"என்ன தங்கச்சி, சாமி தலையிலயே தினமும் நெருப்ப வைக்கிறீங்களே, கோவிச்சுக்காதா?" என்று ஒருநாள் சீண்டினேன்.

"எஞ் சாமி குளுந்த சாமிங்க ஐயா. எம்புட்டு வச்சாலும் தாங்கும்."

முன்னே இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்கவில்லை என்று அவளே சொன்னாள். இது தங்க வேண்டும் என்று நாற்பத்தெட்டு நாள் கற்பூரம் நேர்ந்திருக்கிறாள். அதற்கப்புறம் நான் சீண்டவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு இரண்டு நாள் வேலை நின்றது. அந்த மழையிலும் அவள் வந்திருக்கிறாள், கொழுந்துக் கூடையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு ஏற்றியிருக்கிறாள். மூன்றாம் நாள் காலை வெயில் வந்தது. நான் முதலில் போய்ச் சேர்ந்தேன். மழை குங்குமத்தையெல்லாம் கரைத்து ஓட்டியிருந்தது. சாமியின் கழுத்தில், தட்டைத் தலைக்கு இரண்டு விரல் கீழே, ஒரு வளையம் மினுங்கியது.

செம்பு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. செம்புக்கும் பித்தளைக்கும் வித்தியாசம் தெரியாவிட்டால் வாப்பா எனக்குச் சோறு போட்டிருக்க மாட்டார். குனிந்து பார்த்தேன். வளையத்தைச் சுற்றிலும் சாய்வாகக் கீறல்கள், ஒன்றுக்கொன்று மயிரிழை பிசகாத இடைவெளியில். எந்தக் கன்னானும் கையால் இப்படி வெட்ட முடியாது. உடம்பு இரும்பு, நடுவில் துளி ஒட்டுக்கூட இல்லாத இரும்பு. இது பாட்டன் பூட்டன் காலத்துச் சங்கதி அல்ல, யந்திரத்தில் கடைந்தது.

யுத்த காலத்தில் எங்கள் கடையில் ஒரு வேடிக்கை நடக்கும். சும்மா அடுக்கி வைத்த சட்டிகள் திடீரென்று தானாகக் கிணுகிணுக்கும். "பத்தனையில பட்டாளம் பீரங்கி பழகுது," என்று வாப்பா சொல்லிவிட்டு அடுக்கைக் கையால் பிடித்துக்கொள்வார். இந்தப் பத்தனைதான் அது.

 ஒரு முழம்கூட இடைவெளி விடாமல் முகத்தை வைத்துக்கொண்டு இதை வரைந்தவன் நான். நிமிர்ந்து பார்த்தால், அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டு வந்துகொண்டிருக்கிறாள்.

"வைக்காதீங்க!" என்று நான் போட்ட கூச்சலில் கொய்யாவில் இருந்த குருவிகள் எல்லாம் பறந்தன. "அது சாமி இல்ல. பீரங்கிக் குண்டு!"

அவள் நின்றாள். குண்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"வெடிக்குமாங்க?"

"தெரியாது."

"தெரியாதுன்னா என்னாங்க அர்த்தம்? நீங்கதான படம் போட்டு எழுதுனீங்க?"

எனக்குக் கோபம் வந்தது. அதுவும் என்மேலேயே. "வெடிச்சா நீங்களும் இல்ல, வயித்துல இருக்கிறதும் இல்ல. வீட்டுக்குப் போங்க" என்று கத்தினேன்.

அவள் கண் நிறைந்துவிட்டது. "இன்னிக்கு நாப்பதாவது நாளுங்க. இன்னிக்கு விட்டா முப்பத்தொம்பது நாளும் வீணாப் போகும். அப்புறம் இந்தப் புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் யார்ட்டப் போய்க் கேக்குறது?"

  என் சாப்பாட்டுத் தகரத் தட்டை எடுத்துக்கொண்டு வரம்போடு நடந்தேன். நாற்பது எட்டுக்கு அப்பால், தேயிலைக்கு நடுவே ஒரு பாறைமேல் வைத்தேன்.

"இதுல ஏத்துங்க. சாமிக்கு இங்கருந்து பாத்தா தெரியாதா?"

பாறையையும் கொய்யா மரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வந்து, தட்டில் கற்பூரத்தை வைத்து ஏற்றினாள். அது எரிந்து முடியும்வரை நானும் நின்றேன். போகும்போது, "தட்டு கறுத்துப் போச்சே நானா," என்றாள். நானா என்றால் எங்கள் ஆட்களில் அண்ணன்; அதுவரை என்னை ஐயா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

குழி தொரையிடம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தைத் திறந்து, 'மிகப் பழையது' என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். திட்டியிருக்கலாம். பட்டாளத்து முகாமுக்கு ஆள் போனது. மேட்டைச் சுற்றிக் கயிறு கட்டினோம். வேலை நின்றது. மறுநாளும் அவள் வந்து என் தட்டில் கற்பூரம் ஏற்றிவிட்டுப் போனாள்.

அதற்கடுத்த நாள் காலை, அவள் தட்டில் ஏற்றி முடித்த பிறகு, ஒரு சார்ஜன் வந்தார். பீரங்கிப் படையில் நரைத்த மனுஷன்.  கயிற்றைத் தாண்டிப் போய், ஈர மண்ணில் குப்புறப் படுத்து, ஒரு கோப்பைத் தேத்தண்ணி ஆறுகிற நேரம் அந்த இரும்பையே பார்த்தார். எழுந்து வந்து சொன்னதை நான் தமிழில் சொன்னேன். லயத்து ஆட்கள் எல்லாரும் வரம்பில் கூடி நின்றார்கள்.

பீரங்கிக் குழலுக்குள்ளே புரிபுரியாகப் பள்ளம் வெட்டியிருக்குமாம். குண்டு பாயும்போது செம்பு வளையம் அதில் உரசிக் கீறல் விழுமாம். ஆகவே இது சுட்ட குண்டுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் சுட்ட குண்டெல்லாம் வெடித்த குண்டு அல்ல. வெடித்திருந்தால் முனையிலுள்ள மூக்கு கழன்று போய், உள்ளே ஒன்றுமில்லாமல், வெறும் குவளையாகக் கிடக்கும். வெடிக்காமல் விழுந்திருந்தால் மூக்கும் இருக்கும், வெடிமருந்தும் இருக்கும். இது தலைகீழாக நிற்கிறது. நாம் தலை என்று நினைத்தது அதன் அடி. மூக்கு மண்ணுக்குள்.

"பிடுங்கிப் பார்க்க முடியாதா?" என்று குழி தொரை கேட்டார்.

முடியாது. மூக்கு எப்படி இருக்கிறது என்று தெரியாமல் கை வைக்க மாட்டார். நின்ற இடத்திலேயே மருந்து வைத்துத் தகர்ப்பதுதான் முறை. கல்லும் மண்ணும் லயத்துக் கூரைமேல் வந்து விழும். இன்றைக்கே பன்னிரண்டு காம்பராவையும் காலி பண்ண வேண்டும். ஒன்றரை மாதமாகச் சுத்தம் செய்த செங்கல் சுவரும் போய்விடும். குழி தொரையின் முகம் சாம்பல் பூத்தது. வரம்பில் நின்ற பெண்கள் பிள்ளைகளைத் தேடத் தொடங்கினார்கள்.

சார்ஜன் ஒரே ஒரு கேள்வி கேட்டார். வானத்திலிருந்து விழுகிற குண்டு இப்படி நேராக, வாலைத் தூக்கிக்கொண்டு, மரத்தடியில் நிற்காது. யாரோ நட்டிருக்கிறார்கள். நடுமுன் அதைக் கையில் பார்த்தவர் யார்?

தமிழில் கேட்டேன்.  எல்லாரும் கங்காணியைப் பார்த்தார்கள்.

"ஆதியில இருந்தே இருக்குங்க," என்றார் கங்காணி.

"ஆதியில பீரங்கி இருந்துச்சா கங்காணியார்?" என்று கேட்டேன். இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அவர் கழுத்து நரம்பு புடைத்தது, ஆனால் சொன்ன சொல்லை மாற்றவில்லை.

அப்போது மண் சுமக்கிறவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நான்தாங்க கொண்டாந்தேன்."

"வாய மூடுடி," என்று கங்காணி உறுமினார். "நாளைக்குப் பெரட்டுல ஒம் பேரு இருக்காது."

"பேரு போனா போவுது. லயத்துல புள்ளைங்க இருக்கு," என்றாள். 

அவள் சொன்னது இதுதான். தோட்டத்தில் புது மண்ணில் மண்வெட்டி போடுமுன், ஒரு கல்லை நட்டு, பொட்டு வைத்து, கற்பூரம் ஏற்றிக் கும்பிடுவார்கள். கும்பிடாத மண்ணில் ஒருவரும் வெட்ட மாட்டார்கள். ஆனால் முதல் நாள் குழி தொரை போட்ட முதல் உத்தரவே, மேட்டைச் சுற்றி இருக்கும் ஒரு கல்லைக்கூட யாரும் அசைக்கக் கூடாது என்பதுதான். பழைய கட்டிடத்துக் கல் எது, வெறும் கல் எது என்று அவருக்கல்லவா தெரியும்! கணக்கப்பிள்ளை அதை அப்படியே சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆட்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வெட்டாவிட்டால் தொரை விட மாட்டார், கல் நடாமல் வெட்ட மனம் இல்லை. கங்காணி சுற்றிமுற்றிப் பார்த்தார். அவள் கூடையில் ஓர் இரும்பு கிடந்தது.

"கல்லத்தான தொடக் கூடாதுன்னாங்க. இது இரும்புதானேன்னு கங்காணியார் வாங்கி நட்டாருங்க."

இதை நான் இங்கிலீஷில் சொல்லி முடித்தபோது குழி தொரை நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். கங்காணி ஏன் அத்தனை நாள் பொய் சொன்னார் என்பதும் புரிந்தது. தொரையின் இடத்தில் கேளாமல் ஒன்றை நட்டதற்குத் தன் வேலை போய்விடும் என்று பயம். எனக்கோ காது சுட்டது. என் புத்தகத்தில் 'மிகப் பழையது' என்று நிற்பதை நட்டு அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. தினமும் ஒரு முழம் தள்ளி நின்று கற்பூரம் ஏற்றியவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கங்காணியைக் கேட்டேன், அவளைக் கேட்கவில்லை.

சார்ஜனுக்கு இந்தக் கதை எதுவும் வேண்டாம். மூக்கு எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டார்.

"மூக்கா? அதெல்லாம் இல்லீங்க. தெறந்த வாயி. பத்தனையில மானாப்புல்லு அறுக்கையில கெடந்துச்சு. உள்ள எறும்பு கூடு கட்டியிருந்துச்சு. கைய விட்டு வழிச்சுப் போட்டு ஓடையில கழுவுனேன். மாமியாருக்கு வெத்தல இடிக்க ஆகுமேன்னு எடுத்தாந்தேன்."

கை எவ்வளவு தூரம் போனது? அவள் வலது கையை நீட்டி, மணிக்கட்டுக்கு மேலே வளையல் நிற்கிற இடத்தை இடது கையால் பிடித்துக் காட்டினாள். "இம்புட்டு."

சார்ஜன் ஒரு குச்சியை ஒடித்து அவள் விரல் நுனியிலிருந்து அந்த இடம்வரை அளந்தார். குச்சியைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு முதன்முறையாக அவள் முகத்தைப் பார்த்துத் தலையசைத்தார். எல்லாரையும் லயத்துக்கு அந்தப் பக்கம் போகச் சொல்லிவிட்டுத் தனியாகக் கயிற்றைத் தாண்டினார்.

லயத்துக்குப் பின்னால் நின்றோம். எல்லாருக்கும் பின்னால், சுவரோடு ஒட்டி நான் குந்திக்கொண்டேன்.

"ஏன் நானா பயப்படுறீங்க? அது வெறும் கூடுதான். நான்தான் கைய விட்டுப் பாத்தேன்ல," என்றாள் அவள்.

நெடுநேரம் கழித்துக் கீழேயிருந்து ஒரு சத்தம் வந்தது. டங் என்று. எங்கள் கடையில் காலிச் செம்பைத் தட்டினால் வருகிற அதே சத்தம். மூன்றாவது தட்டில் எனக்குக் கோபம் வரவில்லை. இன்னும் பத்துத் தடவை தட்ட மாட்டாரா என்று இருந்தது.

ஓடிப் போய்ப் பார்த்தோம். சார்ஜன் அதைக் கவிழ்த்துப் பிடித்திருந்தார். உள்ளேயிருந்து ஈர மண் மட்டும் கட்டியாக விழுந்தது. பழகுவதற்காகச் சுட்டு, ஆகாயத்திலேயே வாய் பிளந்து, உள்ளே இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டு விழுந்த வெறும் கூடு. ஆனால் அவர் சிரிக்கவில்லை. இவள் கைவிட்டது கெட்டிக்காரத்தனம் அல்ல, அதிர்ஷ்டம். அந்தப் புல்லில் வெடிக்காதவையும் கிடக்கும். இனி இரும்பு எதைக் கண்டாலும் தொடாமல், பக்கத்துச் செடியில் துணியைக் கட்டிவிட்டு வந்து சொல்ல வேண்டும் என்றார். அவர் சொன்னதைவிட இரண்டு பங்கு சத்தமாக நான் தமிழில் சொன்னேன்.

அவர் கூட்டை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது அவள் என் பக்கம் திரும்பினாள். "அப்ப எஞ் சாமி? இன்னும் ஆறு நாளு பாக்கி இருக்கே."

அதையும் குழி தொரைக்குச் சொன்னேன். சொல்ல வேண்டிய அவசியம் இல்லைதான், ஆனாலும் சொன்னேன்.  அவர், நாங்கள் சுண்ணாம்பில் எண் எழுதி அடுக்கியிருந்த கல் வரிசைக்கு நடந்து, ஒரு கல்லைத் தானே தூக்கிக்கொண்டு வந்து, குண்டு நின்ற குழியில் வைத்தார். கங்காணி ஓடிப்போய் மண்ணை அணைத்தார். அன்று பின்னேரம் குழி தொரை பெரிய தொரையைப் பார்த்துவிட்டு வந்தார். பெரட்டில் யாருடைய பெயரும் அடிபடவில்லை, கங்காணியுடையதும்கூட. நான் புத்தகத்தைத் திறந்து அந்தக் கல்லின் எண்ணைக் கோடு போட்டு அடித்தேன். கல்லின்மேல் எழுதிய எண் இன்றைக்கும் குங்குமத்துக்கு அடியில் இருக்கும்.

பிறகு குண்டின் பக்கத்துக்கு வந்தேன். படத்தை விட்டுவிட்டு எழுத்தை மாற்றினேன். "பீரங்கிக் குண்டின் வெற்றுக் கூடு. பட்டாளத்தார் பழகச் சுட்டது. காலம்: அண்மை." கடைசியில் 'கண்டெடுத்தவர்' என்று ஒரு கட்டம். அதில் எப்போதும் குழி தொரையின் பெயரைத்தான் போடுவேன். மண்ணைத் தோண்டினவர்கள் யாராக இருந்தாலும் அப்படித்தான் வழக்கம். அன்று அவள் பெயரை எழுதினேன்.

ஆறு நாளும் அவள் கல்லில் கற்பூரம் ஏற்றினாள். தை மாதம் லயத்துக் காம்பராவில் பெண்குழந்தை பிறந்தது, தாயும் பிள்ளையும் சுகம் என்று கங்காணியே ஓடிவந்து சொன்னார்.  மூக்கைச் சிந்துவதுபோல் திரும்பிக்கொண்டேன். நாங்கள் சாமான் கட்டிக்கொண்டிருந்தபோது அவள் பிள்ளையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தாள். அந்தப் படத்தைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். நான் எழுதியதைப் படித்துச் சொன்னேன்.

"எம் பேரு எங்க இருக்கு நானா?"

விரலை வைத்துக் காட்டினேன். அவளுக்கு எழுத்து தெரியாது. பெரட்டுப் புத்தகத்தில் தன் பெயர் கங்காணியின் பெயருக்குக் கீழே, அவர் ஆட்களில் ஒன்றாக இருக்கும் என்பது மட்டும் தெரியும். அந்த இடத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு கேட்டாள்:

"இதுல நான் கங்காணி பேருக்கு மேலயா, கீழயா?"

"கங்காணி பேரே இதுல இல்ல தங்கச்சி."

அவள் சிரித்த சிரிப்பில் பிள்ளை விழித்துக்கொண்டு அழத் தொடங்கியது. நல்ல உரத்த குரல்.